மலைப்பாதையில் ஓடும் கெப்பின் ஹப்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சில்லை மாட்டும் நடுப்பாகமான ஹப்பைக் கழற்றியதும் நம் கராஜ்களில் நடக்கும் முதல் வேலை, உள்ளே கிடக்கும் பழைய கிரீஸை வழித்தெறிந்துவிட்டு மண்ணெண்ணெயில் கழுவுவது. தயவுசெய்து அதை உடனே செய்யாதீர்கள். உள்ளே சில்லைச் சுழலவிடும் உருளை வளையமான பெயாரிங் எதனால் போனது என்று சொல்லும் முதல் சாட்சி அந்தக் கிரீஸ்தான். விரலில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தார் மாதிரிக் கறுத்து, தீய்ந்த வாசனை வந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்க்கும்போது வெள்ளித்தூள் போல மினுங்கினால் இரும்பு உதிர்கிறது. பார்த்துவிட்டு, கைபேசியில் ஒரு படமும் எடுத்துவிட்டு, அதன் பிறகு கழுவுங்கள்.

மலையகத்தில் ஹப் சாவதற்குத் தண்ணீர், சூடு, பாரம் என்று மூன்று காரணம் சொல்வேன். நான்காவது ஒன்றும் உண்டு: அதைப் பொருத்திய கை. எது என்று தெரியாமல் பெயாரிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்குள் அதே சத்தத்தோடு அதே வண்டி வாசலில் நிற்கும். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி முழுதாகத் திறந்தது. அதனால் இருபது, முப்பது வருடம் ஓடிய கெப்கள்தான் (பிக்கப் வண்டிகள்) இன்றும் மரக்கறியும் கொழுந்தும் ஏற்றுகின்றன. அவற்றுக்குப் போடும் ஒவ்வொரு உதிரிப்பாகமும் வண்டிக்காரரின் ஒரு மாத உழைப்பு. ஊகத்தில் மாற்றிப் பார்க்க யாருக்கும் வசதியில்லை.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஹப்?

எல்.என். 106 ஹைலக்ஸ் போல முன்னாலும் முழு அச்சுள்ள பழைய வண்டிகளில் ஒவ்வொரு ஹப்பிலும் கூம்பு வடிவப் பெயாரிங் இரண்டு, உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. கடையில் டேப்பர் பெயாரிங் என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். இதைப் பிரிக்கலாம், கழுவலாம், கிரீஸ் அடைக்கலாம், இறுக்கத்தைச் சரிசெய்யலாம். 2004க்குப் பின் வந்த ஹைலக்ஸ் விகோ போன்ற நான்கு சக்கர இழுவை வண்டிகளின் முன்னால் இருப்பது மூடிய ஹப். நக்கிளின் (ஹப்பைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகம்) பின்பக்கமிருந்து நான்கு போல்ட் அதைப் பிடித்திருக்கும். அதற்குக் கிரீஸ் போடவும் வழியில்லை, இறுக்கவும் வழியில்லை. போனால் மாற்ற வேண்டியதுதான்.

பின்னால் பெரும்பாலான கெப்களில் அச்சுத்தண்டே பாரத்தையும் தாங்கிச் சில்லையும் சுற்றுகிறது. பெயாரிங் தண்டின் மேலேயே அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். எல்ஃப், கேன்டர் மாதிரி லொறிகளில் அப்படியில்லை. தண்டை உருவி எடுத்தாலும் சில்லு நிற்கும், ஏனென்றால் பாரம் ஹப்பின் மேல். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றின் வழிமுறையை மற்றதில் செய்யப் போனால் பாகம் உடையும்.

அறிகுறி: வேகம் கூடக்கூட ஊளை

மலைக்குள் ஓடும்போது இது பெரும்பாலும் காதில் விழாது. தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் நாற்பதைத் தாண்டி எவ்வளவு தூரம் போக முடியும்? ஒரு நாள் கொழும்புக்கு இறங்குவார்கள், அவிசாவளை தாண்டி ரோட்டு நேராகும், அறுபதில் ஊளை தொடங்கும். "நேத்துவரைக்கும் ஒண்ணுமே இல்ல பாஸ், திடீர்னு வந்துச்சு" என்பார்கள். திடீரென்று வரவில்லை. மாதக்கணக்காக இருந்தது, கேட்கிற வேகத்துக்கு வண்டி போகவில்லை.

ஊளை கேட்டதும் ஹப்பின் மேல் பழி போடாதீர்கள். மூன்று சந்தேக நபர்கள் உண்டு: டயர், டிஃப் (அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல்), பெயாரிங். பிரித்தறிவது எளிது. நல்ல கார்ப்பெட் ரோட்டிலிருந்து கரடான ரோட்டுக்குப் போகும்போது சத்தத்தின் குணம் மாறினால் டயர். உள்ளங்கையை டயரின் முகத்தில் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பப் பல்போல் தட்டினால் அது ஊளையிடும் டயர்தான். முன் டயர்களைப் பின்னால் மாற்றி ஓடினால் சத்தமும் பின்னால் போகும். எக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தம், விட்டதும் வேறு சத்தம் என்றால் டிஃப். எக்ஸிலேட்டருக்குச் சம்பந்தமில்லாமல், வேகத்துக்கு மட்டும் கட்டுப்பட்டு ஏறி இறங்கினால் பெயாரிங். இதை உறுதிப்படுத்த நேரான சமதளத்தில் நியூட்ரலில் சற்று உருளவிடலாம். இறக்கத்தில் ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க நம் ரோடே உதவி செய்யும். சமவெளிக்காரர்கள் இதற்காக வெறும் மைதானம் தேடுவார்கள். நமக்கு நூறு மீற்றருக்கு ஒரு வளைவு.

"வலப்பக்கம் வளைக்கிறப்ப எப்படித் தம்பி?"

"கூடுது அண்ணே. இடப்பக்கம் வளைச்சா அடங்கிருது."

வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சில்லுகளில் விழுகிறது. அப்போது சத்தம் கூடினால் இடது. இது பத்தில் எட்டு முறை சரியாக இருக்கும். மீதி இரண்டுக்காக, ஜெக் போட்டுத் தூக்கி, ஒரு கையால் சில்லைச் சுற்றிக்கொண்டே மறு கையை ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பெயாரிங் சுற்றும்போது ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. போன பெயாரிங்கில், அரிசி மேல் கையை உருட்டுவது போல ஒரு நறநறப்பு விரல் நுனிக்கு வரும். காது ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறுவதில்லை.

என் கைக்கு வருவதில் இடது முன் ஹப்தான் கூடுதல். எதிரே பஸ் வந்தால் இடம் விட நாம் இறக்குவது இடது சில்லைத்தான், கார்ப்பெட் ஓரம் உடைந்து நிற்கும் பள்ளத்தில். அதுவும் பாரத்தோடு.

அறிகுறி: தூக்கிப் பிடித்து ஆட்டினால் சில்லு ஆடுகிறது

சோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை. மலையகத்தில் சமதளம் கிடைப்பது கஷ்டம், வண்டியைச் சரிவிலேயே தூக்குகிறோம். பின் சில்லு ஒன்றை மட்டும் தூக்கும்போது, கியரில் போட்டிருக்கிறோம் என்ற தைரியம் வேண்டாம். தரையில் இருக்கும் சில்லு உருளும்போது தூக்கிய சில்லு எதிர்த்திசையில் சுற்றிக்கொடுக்கும், டிஃப் அதற்கு இடம் கொடுக்கும், கியர் பிடிக்காது. டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கையும் விட வேண்டியிருக்கும். ஆகவே தரையில் இருக்கும் மூன்று சில்லுக்கும் இறக்கப் பக்கமாகக் கட்டை கொடுங்கள். உருண்டைக் கல் வேண்டாம், முக்கோணமாக வெட்டிய மரம். ஜெக்கை நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். ஸ்டேண்ட் கொடுத்த பிறகுதான்.

இப்போது சில்லின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இடவலத்தில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் பக்கம், டை ரொட் முனை. மேல்கீழாக ஆடினால் பெயாரிங்காக இருக்கலாம், போல் ஜொயின்ட்டாகவும் இருக்கலாம், முழு அச்சு வண்டியில் கிங் பின் பெயாரிங்காகவும் இருக்கலாம். இதைப் பிரிக்க ஒருவரை உள்ளே ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் ஹப் பெயாரிங்; ஏனென்றால் பிரேக் ஹப்பையும் நக்கிளையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. நிற்கவில்லையென்றால் ஆட்டம் நக்கிளுக்கு அப்பால். இந்த ஒரு மிதி எத்தனையோ பேருடைய காசை மிச்சப்படுத்தியிருக்கிறது.

மூடிய ஹப்பில் ஆட்டம் இருந்தால் மாற்றுவது தவிர வழியில்லை. டேப்பர் பெயாரிங்கில் ஆட்டம் என்றால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை, இறுக்கம் தளர்ந்திருக்கலாம். ஆனால் வெளியிலிருந்து நட்டை இறுக்கி அனுப்பாதீர்கள். பிரித்துப் பாருங்கள்.

ஃப்ரீ வீல் ஹப்பை (முன் சில்லை இழுவைத் தண்டோடு சேர்த்துப் பிரிக்கும் வெளி மூடி) கழற்றினால் உள்ளே இரண்டு பெரிய நட், நடுவில் மடக்கிய தகடு. எல்.என். 106இல் அந்த நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கட் வேண்டும். நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் உளியும் சுத்தியலும் வைத்து அடித்துத் திருப்புகிறார்கள். நட்டின் மூலைகள் பூப்பூத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அப்படி அடித்து இறுக்கும்போது எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது. உதிர்ந்த இரும்புத் துகள் நேரே வெளிப் பெயாரிங்குக்குள் விழும். ஒரு சொக்கட் வாங்கி வையுங்கள். லேத் பட்டறையில் குழாயில் வெட்டியும் செய்துகொள்ளலாம்.

பெயாரிங்கைக் கழுவி, உலரவிட்டு, உருளைகளைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். காற்றடித்துச் சுழற்றி விளையாட வேண்டாம். கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் நல்லதும் கெட்டுவிடும். உருளையிலோ, ஹப்புக்குள் இருக்கும் வெளிவளையத்திலோ செதிள் பெயர்ந்த இடம், நீலம் பாரித்த இடம், துருப்பிடித்த கோடு எது இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய உருளையைப் பழைய வளையத்தில் ஓடவிடுவது வீண். பழைய வளையத்தை உள்ளிருந்து பித்தளைக் கம்பியால் மாறி மாறி எதிரெதிர் இடத்தில் தட்டி இறக்குங்கள். புதியதை ஏற்றும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டிருக்கும்வரை சத்தம் 'ணங் ணங்' என்று திறந்து கேட்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் 'தொம்' என்று அடைத்துவிடும். அந்தச் சத்தம் சுற்றிலும் ஒரே மாதிரி வரும்வரை விடாதீர்கள்.

கிரீஸை மேலே பூசினால் போதாது, உள்ளே ஏற்ற வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம் அளவு கிரீஸ். வலது கையில் பெயாரிங், அகன்ற பக்கம் கீழே. அதன் விளிம்பைக் கிரீஸில் குத்தி உள்ளங்கையோடு இழுங்கள். ஏழெட்டுத் தடவையில் உருளைகளுக்கு நடுவிலிருந்து மேல்பக்கம் புழுப்போல் கிரீஸ் எட்டிப் பார்க்கும். கொஞ்சம் திருப்பி மறுபடி. சுற்றிலும் அப்படி வந்தால்தான் நிறைந்தது. ஹப்பின் உட்குழியை முழுதாக அடைக்க வேண்டாம். சூடாகும்போது விரிய இடம் வேண்டும், இல்லையென்றால் கிரீஸை அடைத்துவைக்கும் ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்கு வரும்.

இறுக்கும் முறை, பழைய டொயோட்டா நான்கு சக்கர வண்டிகளுக்கு: உள் நட்டை 59 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பை இருபக்கமும் பல முறை சுற்றி உருளைகளை உட்காரவைக்க வேண்டும். பிறகு கையால் திருப்பும் அளவுக்குத் தளர்த்தி, மறுபடி 5.4 நியூட்டன் மீற்றருக்கு மட்டும். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முதலாவது உட்காரவைக்க, இரண்டாவதுதான் ஓட. முதல் இறுக்கத்திலேயே விட்டுவிட்டு அனுப்பிய ஹப்தான் மலை ஏறும்போது புகைகிறது. பிறகு புதிய தகடு, வெளி நட், தகட்டின் காதுகளை ஒன்று உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் மடக்குவது. வெளி நட்டை இறுக்கியதும் உள் இறுக்கம் கொஞ்சம் மாறும், ஆகவே மறுபடி சுற்றிப் பாருங்கள்: ஆட்டம் தெரியக் கூடாது, கை விரலால் தள்ளினால் மெதுவாகச் சுற்ற வேண்டும். வேறு வண்டியென்றால் அதன் கையேட்டில் உள்ள அளவு. இந்த எண்ணைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் போடாதீர்கள்.

அறிகுறி: ஹப் சுடுகிறது

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து ரம்பொட வழியாகக் கம்பளைக்கு இறங்கி வந்து நிறுத்தி, ஹப்பைத் தொட்டுப் பார்த்து "சுடுது" என்றால் அது செய்தியே இல்லை. அத்தனை தூரம் பிரேக் பிடித்தால் டிஸ்க் பல நூறு பாகை ஏறும், அதை அடுத்து ஹப்பும் சுடும். இறக்கத்தின் அடியில் செய்யும் சூட்டுச் சோதனைக்குப் பெறுமதியில்லை.

சோதனையை ஏற்றத்தில் செய்யுங்கள். ரம்பொடையிலிருந்து லபுக்கலை வரை ஏறுங்கள். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. மேலே போய், பிரேக்கை மெதுவாகப் பிடித்து நிறுத்தி, நான்கு ஹப்பையும் ஒப்பிடுங்கள். சூடு பார்க்கும் லேசர் மானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நான்கு ஹப்பிலும் சில துளி தண்ணீர் தெளியுங்கள்; மூன்றில் ஈரமாக நிற்கும், ஒன்றில் காய்ந்துபோகும். வெறுங்கையால் தொடாதீர்கள். ஏற்றத்தின் முடிவில் ஒன்று மட்டும் சுட்டால், ஒன்று பெயாரிங், அல்லது விடாத பிரேக். அப்படியே ஜெக் போட்டுச் சுற்றிப் பாருங்கள். கனமாகச் சுற்றினால் கெலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்), காற்று எடுக்கும் பிளீடர் நட்டைக் கொஞ்சம் திறங்கள். திறந்ததும் இலகுவானால் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கிறது. பெரும்பாலும் உட்பக்கம் வீங்கிய பிரேக் ஹோஸ். திறந்தும் இலகுவாகவில்லையென்றால் கெலிப்பரின் நகரும் பின்கள் துருவில் பிடித்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பெயாரிங்குக்குப் போங்கள்.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்பிரிங் முளைகளுக்கு அடிக்கும் சாதாரணக் கல்சியம் கிரீஸ் 100 பாகை அளவிலேயே உருகி ஓடிவிடும். லித்தியம் கிரீஸ் 180ஐத் தாண்டித் தாங்கும், லித்தியம் கொம்ப்ளெக்ஸ் 250க்கு மேல். கொழும்புப் பக்கம் பேலியகொடவுக்கு மரக்கறி இறக்கும் வண்டிக்குக் கடைசியாகச் சொன்னதைத்தான் போட வேண்டும், தடிப்பு 2ஆம் இலக்கம். ஒன்றின் மேல் இன்னொன்றைக் கலக்கவும் வேண்டாம். பழையதை முழுதாகக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

அறிகுறி: பின் சில்லின் உட்பக்கம் ஈரம், ஒரு பக்கம் பிரேக் பிடிக்கவில்லை

டயரின் உட்சுவரில் கறுப்பு ஒழுக்கு. விரலில் தொட்டு முகர்ந்தால் டிஃப் ஒயிலுக்கே உரிய அழுகிய முட்டை வாசனை. பிரேக் ஒயிலென்றால் அந்த வாசனை இருக்காது, பெயின்டையும் அரித்திருக்கும்.

ஒயில் சீலை மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். டிஃப் மேல் ஒரு சிறிய மூச்சுக்குழாய் மூடி இருக்கிறது. தோட்டத்து ரோட்டின் செம்மண் அதில் அடைத்துவிட்டால், சூடாகி விரியும் காற்றுக்கு வெளியேற வழி சீல் மட்டும்தான். புதிய சீலையும் அதே காற்று தள்ளும். மூடியைக் கழற்றி, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகாவிட்டால் அதுதான் காரணம்.

தண்டை உருவியபின் பெயாரிங்கை வெட்டி எடுக்க வேண்டி வரலாம். தடுப்பு வளையத்தை முதலில் துளையிட்டுப் பிறகு உளியால் பிளக்கலாம்; ஆனால் துளை தண்டைத் தொடக் கூடாது. கேஸ் தீயால் தண்டைச் சிவக்கவிட்டு வளையத்தைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் தண்டின் உறுதி போய்விடும், பாரத்தோடு ஒரு வளைவில் அது முறியும். நான் அந்த வேலையைச் செய்யவே மாட்டேன், பிரஸ் இருக்கும் இடத்துக்கு அனுப்புவேன். ஒயிலில் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவி மறுபடி போடாதீர்கள். வெளியே காய்ந்தாலும் சூடானதும் உள்ளிருந்து மறுபடி கசியும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு பக்கமும் மாற்றுங்கள், இல்லையென்றால் ஈர ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அறிகுறி: ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, மெதுவாக நிறுத்தும்போது மிதி அதிர்கிறது

ஏபிஎஸ் என்பது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் முறை. ஹப்பில் ஆட்டம் இருந்தால் சில்லின் வேகத்தை அளக்கும் சென்சருக்கும் அதன் வளையத்துக்கும் இடைவெளி கூடிக் குறையும், சில்லு வழுக்குவதாகக் கணினி நினைக்கும். முதலில் ஆட்டத்தைப் பாருங்கள், பிறகு வயரைப் பாருங்கள். புதிய ஹப் போட்ட அன்றே விளக்கு எரிந்தால், சீலில் காந்த வளையம் உள்ள பெயாரிங்கைத் தலைகீழாக அழுத்தியிருக்கலாம்; அந்த வளையம் சென்சர் பக்கம் பார்க்க வேண்டும். அந்த வகைப் பெயாரிங்கைக் காந்தத் தட்டில் வைத்துவிடாதீர்கள்.

மூடிய ஹப்பை மாற்றுவது

தண்டின் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே, மடக்கிய இடத்தை நிமிர்த்திவிட்டு, பிரேக்கை மிதித்துத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, கெலிப்பரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஏபிஎஸ் சென்சரை இழுக்காதீர்கள். துரு எண்ணெய் தெளித்து அரை மணி நேரம் விட்டு, மெதுவாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். மழைக்காட்டு ஈரத்தில் அது நக்கிளோடு ஒட்டியிருக்கும், அவசரப்பட்டால் தலை கையோடு வரும். பின்பக்கத்து நான்கு போல்ட்டையும் கழற்றியபின்னும் ஹப் இலகுவில் வராது. வராதென்று தண்டின் முனையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். அடி உள்ளே தண்டிலுள்ள சி.வி. மூட்டுக்கு (சில்லு திரும்பினாலும் சுற்றவிடும் மூட்டு) போகும். போல்ட்டுகளைச் சில திருகு மட்டும் விட்டு வைத்து, அவற்றின் தலையில் மாறி மாறித் தட்டினால் சமமாகத் தள்ளிக்கொண்டு வரும்.

நக்கிளில் ஹப் உட்காரும் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஒரு நகக்கண் அளவு துரு அடியில் இருந்தாலும் ஹப் சரிந்து உட்காரும், டிஸ்க் ஆடும், ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க்கின் முகத்துக்கும் இதே கவனம்.

தண்டின் நட்டைச் சில்லு தரையைத் தொடுவதற்கு முன்பே முழு அளவுக்கு இறுக்க வேண்டும், ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க. அளவு 200 நியூட்டன் மீற்றருக்கு மேல் போகும் வண்டிகளே அதிகம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து, டோர்க் ரென்ச்சால் மட்டும். அந்த இறுக்கம்தான் உள்வளையங்களை ஒன்றாகப் பிடிக்கிறது. தளர்ந்த நட்டோடு வண்டியைப் பத்தடி தள்ளினாலும் புதிய பெயாரிங்குக்கு அடி விழுந்துவிடும். மடக்கும் நட்டும் ஸ்ப்ளிட் பின்னும் புதியது.

அறிகுறி: புதிய ஹப், சில மாதத்தில் அதே சத்தம்

கந்தப்பொலையிலிருந்து தம்புள்ளைக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றும் ஒரு கெப். ஒரே பக்கத்து முன் ஹப் நான்கு மாதத்தில் இரண்டு முறை மாறியிருந்தது. மூன்றாவது முறை என்னிடம் வந்தது. நல்லவேளையாக, வண்டிக்காரர் பழைய இரண்டையும் ஒரு உரப்பையில் வைத்திருந்தார். இரண்டையும் அறுத்துப் பார்த்தோம். ஓடுபாதையில் மணிகள் இருந்த அதே இடைவெளியில், வரிசையாகச் சிறு குழிகள், இரண்டிலும் ஒரே மாதிரி. பாரத்தில் வந்ததென்றால் அது அடிப்பக்கத்தில் செதிளாகப் பெயர்ந்திருக்கும். இப்படிச் சுற்றிலும் அளந்து வைத்தது போல் வராது. பெயாரிங்குக்குள் ஹப் முகத்தை அழுத்தியபோது உள்வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்கவில்லை. பிரஸ்ஸின் முழு அழுத்தமும் மணிகள் வழியாகப் போயிருக்கிறது. அதாவது அந்தப் பெயாரிங்குகள் வண்டியில் ஏறும் முன்பே செத்துவிட்டன. வெளிவளையத்தை நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும், உள்வளையத்துக்குள் ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்தைத் தாங்க வேண்டும். சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டை லேத்தில் வெட்டிக் கொடுத்தேன், மூன்றாவது ஹப் இன்னும் ஓடுகிறது.

இன்னொன்று, அந்தத் தவறைச் செய்தது நானேதான். ஒரு கெப்பின் பின்னால் சாமான் ஏற்றும் தட்டில் வெல்டிங் வேலை. எர்த் கவ்வியைக் கையெட்டும் இடத்தில், பின் டிரம்மில் மாட்டினேன். மின்சாரம் தட்டிலிருந்து டிரம்முக்குப் போக இருந்த வழி பெயாரிங். இரண்டு வாரத்தில் ஊளை. பிரித்தபோது உருளைகளில் ஊசியால் குத்தியது போல் கறுப்புப் புள்ளிகள். செலவை நான் ஏற்றேன். அன்றிலிருந்து எர்த்தை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள், அதே இரும்பில்தான் மாட்டுகிறேன், பற்றரி வயரையும் கழற்றிவிட்டு. தோட்டங்களில் வெல்டிங் செய்கிற தம்பிமாருக்கெல்லாம் இதைச் சொல்கிறேன்.

கிரீஸ் வெளுத்திருந்தால் ரோட்டைப் பற்றிக் கேளுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் வழியில் ஓடை கடக்கிறதா? இறக்கத்தில் சூடேறிய ஹப் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் விளிம்பு வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஐந்து நிமிடம் கரையில் நிறுத்தி ஆறவிட்டு இறங்கினால் அந்த அளவுக்கு இழுக்காது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழை. டேப்பர் பெயாரிங் வண்டியென்றால் அது முடிந்ததும் ஒரு தடவை பிரித்துக் கிரீஸ் பார்ப்பது நல்லது. கழுவும் இடத்தில் பிரஷர் குழாயை ஹப்பின் சீலுக்கு நேரே பிடிக்கவும் விடாதீர்கள்.

போலி பாகமும் ஒரு காரணம்தான். பெரிய ஜப்பான் பெயர் போட்ட பெட்டிக்குள், எழுத்துச் சற்றே கோணிய, எடை குறைந்த பெயாரிங் வருகிறது. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் எடையையும் பொறித்த எழுத்தையும் ஒப்பிடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும், கழற்றிய அசல் ஹப் ஒன்று, போலிப் புதியதைவிட மேல் என்று நான் நினைக்கிறேன். ஆனால் வாங்குமுன் காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுபடி போகிறதென்றால் பாரத்துக்கு வாருங்கள். ஒரு தொன் ஏற்றும் கெப்பில் ஒன்றரைத் தொன் போட்டு, வெளியே துருத்திய றிம்மும் மாட்டியிருந்தால், சில்லு ஹப்பிலிருந்து விலகி நிற்கிறது. அதே பாரம் நீண்ட நெம்புகோலாக வெளிப் பெயாரிங்கைத் திருகுகிறது. அந்த றிம்மைக் கழற்றச் சொல்வது வண்டிக்காரருக்குப் பிடிக்காது. சொல்லத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பாருங்கள். சுத்தம் செய்த முகங்கள் படிந்து உட்காரும்போது நட் கொஞ்சம் தளரும். கழற்றிய பழைய ஹப்பை வண்டிக்காரரிடமே கொடுங்கள். புதியது வந்த பெட்டியில் போட்டு, மேலே எந்தப் பக்கம், என்ன திகதி, எத்தனை கிலோமீற்றர், கிரீஸ் என்ன நிறம் என்று எழுதி, சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.